கொல்லையில் கிடைத்த செப்புக்காசும் பரணில் இருக்கும் அண்டாவும்

போன பங்குனியில் என் மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்குக் காடாம்புலியூர் வந்தபோது கையில் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிரித்தால் ஒரு குச்சி, அதன் அடியில் தட்டு போல ஒரு வளையம், மேலே சின்னத் திரை. "தாத்தா, இது மெட்டல் டிடெக்டர். பூமிக்குள்ள இருக்கிற பழைய காசெல்லாம் காட்டிக் கொடுக்கும்" என்றான். வெளிநாட்டில் ஆட்கள் வயல்வெளியில் நடந்து நடந்து காசு எடுக்கும் படங்களைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மெட்டல் டிடெக்டர் எனக்குப் புதிது அல்ல. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் மின்பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். வெட்டும் இயந்திரத்தின் பல் ஒன்று உடைந்து பெல்ட்டில் விழுந்து, கரியோடு கரியாக நொறுக்கும் இயந்திரம் வரை போய்விட்டால் பெரிய சேதம். அதைத் தடுக்கத்தான் பெல்ட்டின் மேல் இந்தக் கருவியை வைத்திருப்பார்கள். இரும்பு வருவது தெரிந்தவுடன் பெல்ட் நின்றுவிடும். நாங்கள் ஓடிப்போய்க் கரியைக் கிளறி அந்தத் துண்டைத் தேடி எடுப்போம். அந்த நாளில் அது எங்களுக்குத் தொந்தரவு கொடுக்கும் கருவி. இந்தப் பிள்ளை அதையே பொழுதுபோக்கு என்று காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறான்.

இருந்தாலும் பேரன் கேட்டால் மறுக்க முடியுமா? மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் இருவரும் எங்கள் முந்திரிக்கொல்லைக்குப் போனோம். அங்கே நடந்ததையும், அதனால் எனக்கு நினைவுக்கு வந்த ஒரு பழைய தப்பையும், அதன் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்தில் கொல்லை, கிணறு, மனை என்று மண்ணைத் தோண்டாத குடும்பம் இல்லை. யாருக்காவது பயன்படும்.

கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விஷயம் எளிது. வளையத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மாறிமாறி மின்சாரம் ஓடுகிறது. அதனால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகிறது. அது மண்ணுக்குள் போய் ஒரு உலோகத்தைத் தொட்டால், அந்த உலோகத்தில் சிறிய சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த ஓட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதை இன்னொரு கம்பிச்சுருள் பிடித்து, காதில் 'கீ' என்று சத்தமாகக் கொடுக்கும். அவ்வளவுதான்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1881ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டுவந்து தேடினார். பலிக்கவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன என்பது அதற்கு ஒரு காரணம். பிறகு இரண்டாம் உலகப்போரில், பிரிட்டனில் இருந்த கொசாட்ஸ்கி என்ற போலந்து நாட்டு அதிகாரி கையில் எடுத்துச் செல்லும்படி கண்ணிவெடி தேடும் கருவியைச் செய்தார். 1942ல் எல் அலமெய்ன் போரில் அது பயன்பட்டது. உயிர் காக்க வந்த கருவி, போர் முடிந்த பிறகு பொழுதுபோக்குக் கருவியாகவும் ஆனது.

நம் மண்ணில் இன்னொரு சிக்கல். பண்ருட்டி, காடாம்புலியூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். மண்ணே கருவிக்கு உலோகம் மாதிரித் தெரிகிறது. முதல் அரை மணி நேரம் எங்கே வைத்தாலும் கத்தியது. பேரன் திருகு ஒன்றைத் திருப்பி, மண்ணின் சத்தத்தைக் கழித்துவிட்டு உலோகத்தின் சத்தத்தை மட்டும் கேட்கும்படி சரி செய்தான். அப்புறம்தான் வேலை ஆரம்பித்தது.

அன்று கிடைத்தவை

இரண்டு மணி நேரத்தில் கிடைத்ததைச் சொல்கிறேன். சோடா மூடி ஒன்பது. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள். துருப்பிடித்த ஆணிகள். மாட்டு லாடம் ஒன்று, லாட ஆணி நான்கு. மாட்டுவண்டியின் கடையாணி ஒன்று. வெள்ளித்தாளுக்கும் கருவி ஆசை காட்டுகிறது. லேசான தங்கத்துக்கும் அலுமினியத்தாளுக்கும் சத்தம் ஏறத்தாழ ஒன்றேதான். பேரனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ அந்த லாடத்தைப் பார்த்ததும் எங்கள் அப்பா முந்திரிக்கொட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு பண்ருட்டிச் சந்தைக்கு வண்டி கட்டிய காலம் நினைவுக்கு வந்துவிட்டது.

பிறகு ஒரு ஓட்டைக் காலணா கிடைத்தது. என் வயதுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: 1943 முதல் 1947 வரை, போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில், நடுவில் பெரிய ஓட்டை போட்டு அடித்த காசு. ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்து அந்தக் கணக்கை முடித்துவைத்தது. எங்கள் பாட்டி ஓட்டைக் காலணாக்களை அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தைகளுக்குக் கட்டுவார். இதுவும் அப்படி அறுந்து விழுந்ததாக இருக்கலாம் என்றேன். பேரன் கொஞ்சம் தெளிந்தான்.

திரும்பக் கிளம்பும் நேரத்தில், தூர்ந்துபோன எங்கள் பழைய கிணற்றுக்குத் தெற்கே ஏறத்தாழ முப்பது தப்படியில் ஒரு சத்தம் வந்தது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. பச்சை பிடித்த சின்னச் செப்புக்காசு. கைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, ஓரம் ஒழுங்கில்லாத வட்டம். தண்ணீர் விட்டு மண்ணை மட்டும் கழுவிப் பார்த்தோம். ஒரு பக்கம் ஒரு ஆள் நிற்கிறார், குச்சி குச்சியாக. மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் கைக்குப் பக்கத்தில் எழுத்து மாதிரி மூன்று நான்கு கீறல்கள்.

புத்தகப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ராஜராஜ சோழன் காலத்தில் (985–1014) வெளிவந்த வகை. ஒரு பக்கம் பூவைப் பிடித்து நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருக்கும். தமிழ்நாட்டில் அதிகமாகக் கிடைக்கும் சோழர் காசு இதுதான். இலங்கையிலும் ஏராளம். சோழர் அங்கிருந்து போன பிறகும் இலங்கை அரசர்கள் இதே மாதிரியில் தங்கள் பெயரைப் போட்டு 200 ஆண்டுகளுக்கு மேல் காசு அடித்தார்கள். ஆக, விலைமதிப்பில்லாத அபூர்வப் பொருள் ஒன்றும் அல்ல. ஆனாலும் ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒருவர் இடுப்பு முடிச்சிலிருந்து விழுந்த காசு நம் கொல்லையில் கிடக்கிறது என்றால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது.

வீட்டுக்கு வந்தவுடன் என் மனைவி, "கொஞ்சம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்" என்று கையை நீட்டினாள். நல்ல வேளை, நான் தடுத்துவிட்டேன். குத்துவிளக்குக்குப் புளி நல்லது. பழைய காசுக்கு அது எமன். செம்பின் மேல் படிந்திருக்கும் பச்சைப் படலத்தில்தான் தேய்ந்த எழுத்தின் மிச்சம் நிற்கிறது. புளியின் அமிலம் படலத்தோடு எழுத்தையும் தின்றுவிடும்.

மாலைக்குள் செய்தி தெருவுக்குப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "மாமா, ஒரு காசு தனியா இருக்காது. கீழே பானை இருக்கும். ராத்திரி ஜேசிபி வச்சி ஒரு மணி நேரம் தோண்டினா தெரிஞ்சிடும்" என்றான். இன்னொருவர், "யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க, போலீஸ் வரும்" என்றார். பேரன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் தோண்ட ஆசைதான்.

அப்போதுதான் எனக்குப் பரணில் இருக்கும் அண்டா நினைவுக்கு வந்தது.

1964ல் வெட்டிய கிணறு

எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா அந்தக் கொல்லையில் கிணறு வெட்டினார். இரண்டு ஆள் ஆழம் போவதற்கு முன்பே கடப்பாரை ஒரு மண்கலயத்தில் பட்டு உடைந்தது. உள்ளே முழுக்கப் பச்சை பிடித்த காசுகள். எல்லோரும் ஓடி வந்து பார்த்தோம். தங்கமா என்று ஒருவர் கல்லில் உரசிப் பார்த்தார். செம்பு என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. "தங்கமா இருந்தா சர்க்கார் வரும். செம்புக்கு யாருப்பா வரப்போறாங்க" என்று அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வாரம் பண்ருட்டியில் ஒரு பாத்திரக்கடைக்கு அந்தக் காசுகளை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனோம். தராசில் ஒன்றரை வீசை நின்றது. பழைய செம்பு என்று விலை போட்டுக் கழித்துக்கொண்டு ஒரு பித்தளை அண்டா கொடுத்தார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் தங்கைகள் கல்யாணம், என் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அந்த அண்டாவில்தான் தண்ணீர் நிரப்பினோம்.

யாரையும் குறை சொல்லவில்லை. அப்பா ஏமாற்றுக்காரர் அல்ல, கடைக்காரரும் அல்ல. அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு வீசை 1.4 கிலோ. ஒன்றரை வீசை 2.1 கிலோ. ஒரு காசு மூன்றரை கிராம் என்று வைத்தால் ஏறத்தாழ 600 காசு. அறுநூறில் ஒன்றின் முகம்கூட எனக்கு நினைவில் இல்லை. யார் காசு, எந்தக் காலம், எல்லாம் ஒரே மாதிரியா, கலவையா, எதுவும் தெரியாது. எடை மட்டும் நினைவிருக்கிறது. அறுநூறு காசின் சரித்திரத்தில் எங்கள் குடும்பம் காப்பாற்றி வைத்தது எடையை மட்டும்தான்.

இப்போது பேரன் எடுத்த காசு அந்தக் கலயத்தின் கூட்டத்தைச் சேர்ந்ததா? கிணற்று மண்ணை வாரிக் கொட்டும்போது சிதறியதா? அல்லது அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை அண்டாக் கடையில் உருகிப் போய்விட்டன.

ஆற்றில் கிடைத்த அரசர்கள்

எங்கள் வீட்டில் நடந்தது தமிழ்நாடு முழுக்க நடந்திருக்கிறது. 1970கள் வரை, சங்ககாலத் தமிழ் அரசர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்பதே ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகமாக இருந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்ததில் பெரும்பங்கு 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களுடையது. 1980களில் பழங்காசு விற்பவர்களிடம் வாங்கிய செப்புக்காசுகளில் ஒன்றைச் சுத்தம் செய்து பார்த்தபோது, குதிரை உருவத்துக்கு மேலே பழைய தமிழ் எழுத்தில் 'பெருவழுதி' என்று இருந்ததைப் படித்தார். பாண்டியன் காசு! அதன் பிறகு சேரர் காசுகள் வரிசையாக வெளிவந்தன. மாக்கோதை, குட்டுவன்கோதை, கொல்லிப்புறை என்ற பெயர்களெல்லாம் காசுகளில் படிக்கப்பட்டன. மாக்கோதையின் வெள்ளிக்காசில் இருக்கும் முகம் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் காசைப் பார்த்துச் செய்தது போலவே இருக்கும்.

இவை எங்கே கிடைத்தன தெரியுமா? பெரும்பாலும் கரூரில் அமராவதி ஆற்று மணலில். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றில் இறங்கி, மணலைச் சலித்துக் காசு பொறுக்கி விற்பதையே பிழைப்பாகக் கொண்ட ஏழைகள் எடுத்துக் கொடுத்தவை. நம் பக்கத்துத் தென்பெண்ணையும் சளைத்தது அல்ல. திருக்கோவிலூர்ப் பக்கம் ஆற்றுப்படுகையில் கிடைத்த காசுகளில் குதிரை உருவத்தோடு 'மலையமான்' என்ற பெயர் இருந்தது. கபிலர் பாடிய காரியின் மரபு. புறநானூற்றில் மட்டும் இருந்தவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும்படி வந்துவிட்டார்கள்.

மணல் சலித்தவர்களுக்கும், உருக்கப்படாமல் வாங்கிக் காப்பாற்றியவர்களுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஆற்றில் கிடைத்த காசுக்கு ஒரு குறை உண்டு. வெள்ளம் எல்லாக் காலத்துக் காசையும் ஒன்றாகக் கலக்கிவிடும். சேரன் காசு, ரோமன் காசு, நாயக்கர் காசு, காலணா எல்லாம் ஒரே சல்லடையில் வரும். பக்கத்தில் என்ன பானை இருந்தது, எந்த மண் அடுக்கில் இருந்தது என்று சொல்ல வழியில்லை. எழுத்தின் வடிவத்தையும் உருவத்தையும் வைத்துத்தான் காலம் கணிக்க வேண்டும். அதனால்தான் அந்தக் காசுகளின் காலத்தைப் பற்றி இன்றுவரை அறிஞர்களுக்குள் வாதம் நடக்கிறது.

இடம் பேசும்

மண் அடுக்கு என்றால் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மேலே செம்மண், கீழே களி, அதன் கீழே மணல், அடியில் கரி. கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. மனிதன் வாழ்ந்த மேட்டிலும் இதே கணக்குத்தான். அங்கே அடுக்கு ஒரு அடி, அரை அடி கனத்தில் இருக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் அரிக்கமேடு. 1945ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலியில் செய்த ஒரு வகைச் சிவப்புமட்பாண்டத்தின் துண்டுகள் கிடைத்தன. அந்தப் பாண்டத்தின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்த ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது. அதே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானை ஓடுகளுக்கும் அதை வைத்துக் காலம் சொல்ல முடிந்தது. பிறகு அந்த வகை ஓடு தென்னிந்தியாவில் எங்கே கிடைத்தாலும் அந்த ஊரின் வயது தெரிய ஆரம்பித்தது. அந்த இத்தாலிய ஓட்டைக் யாராவது முன்பே பொறுக்கி அலமாரியில் வைத்திருந்தால், அழகான ஓடாக மட்டும் இருந்திருக்கும். மற்ற ஓடுகளுக்குச் சாட்சி சொல்லியிருக்காது.

இன்னும் பக்கம் வருவோம். நம் பண்ருட்டி வட்டத்து மருங்கூரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2024ல் அகழாய்வு தொடங்கியது. அங்கே ராஜராஜன் காலச் செப்புக்காசு ஒன்று கிடைத்ததாக அந்த ஆண்டே அறிவித்தார்கள். எங்கள் கொல்லைக் காசும் அந்தக் காசும் ஒரே வகை. ஆனால் அது கிடைத்தது அளந்து வெட்டிய குழியில். எந்தக் குழி, எவ்வளவு ஆழம், கூட என்னென்ன என்று அங்கே எழுதி வைப்பார்கள். எங்களுடையது முந்திரிச் சருகுக்கு அடியில் ஒரு பையன் கிளறி எடுத்தது. இரண்டுக்கும் செம்பு ஒன்றுதான், மதிப்பு ஒன்றல்ல.

வெளிநாட்டிலிருந்து ஒரு சம்பவம் சொல்கிறேன். பேரன் இந்தப் பொழுதுபோக்குக்கு அங்கேயிருந்துதானே ஆசைப்பட்டான், அங்கேயிருந்தே பாடமும் வரட்டும். 1992 நவம்பரில் இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பர் மெட்டல் டிடெக்டரோடு தேடப் போனார். சுத்தியலுக்குப் பதில் ரோமன் காசுகள் வந்தன. கொஞ்சம் எடுத்தவுடன் அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டார். அதிகாரிகளுக்குச் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறையாக எடுத்தார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள். மரப்பெட்டி மக்கிப் போயிருந்தாலும், உள்ளே எதை எங்கே அடுக்கி வைத்திருந்தார்கள் என்பது வரை தெரிந்தது. அரசு 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி கொடுத்தது. அவர் அதை அந்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்துவிட்டது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது! அவர் செய்த பெரிய காரியம் கண்டுபிடித்தது அல்ல, பாதியில் நிறுத்தியது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்கு 1878லேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. சாரத்தைச் சொல்கிறேன்.

மண்ணுக்குள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும், எடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருள் என்ன, ஏறத்தாழ என்ன மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுத வேண்டும். பொருளை அருகிலுள்ள கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை கொடுக்க வேண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்களை விசாரிப்பார். யாருக்கும் உரிமை இல்லை என்று முடிவானால், எடுத்தவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முக்கால் பங்கு எடுத்தவருக்கு, கால் பங்கு நிலச் சொந்தக்காரருக்கு. அரசு அந்தப் பொருளை வைத்துக்கொள்ள விரும்பினால், அதில் உள்ள உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். தெரிவிக்காமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

"சொன்னால் எல்லாம் போய்விடும்" என்று ஊரில் சொல்வது சட்டத்தில் இல்லை. மறைத்தால்தான் குற்றம். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணுக்குள் இருந்த ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள், 1.716 கிலோ, கிடைத்தது நினைவிருக்கும். எண்ணி, எடை போட்டு, எழுதி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அதனால்தான் இன்று நானும் அந்த எண்ணிக்கையை எழுத முடிகிறது.

இது போக, கோயில், பழைய மேடு, பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பக்கம் அனுமதி இல்லாமல் தோண்டவே கூடாது. மத்திய அரசுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டமும், நம் மாநிலத்துக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனிநபர் யாருக்கும் உரிமை இல்லை.

நாங்கள் செய்தது

அன்று இரவு பேரனை உட்கார வைத்து அண்டாவின் கதையைச் சொன்னேன். பரணிலிருந்து இறக்கியும் காட்டினேன். தட்டிப் பார்த்தான், கணீர் என்றது. "அறுநூறு காசா தாத்தா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். தோண்டும் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

மறுநாள் இருவரும் கொல்லைக்குப் போய், காசு எடுத்த இடத்தில் ஒரு கல் நட்டோம். பழைய கிணற்றின் விளிம்பிலிருந்து நாடா வைத்து அளந்தோம். ஆழம், மண்ணின் நிறம், தேதி, சர்வே எண் எல்லாம் எழுதினோம். பக்கத்தில் கிடந்த இரண்டு கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளைத் தொடாமல் போட்டோ மட்டும் எடுத்தோம். காசை ஒரு காகித உறைக்குள் போட்டேன். பிளாஸ்டிக் உறை ஆகாது, வியர்த்துச் செம்பைக் கெடுக்கும். கலெக்டருக்கு முகவரியிட்டு ஒரு கடிதம் எழுதி, கிராம நிர்வாக அலுவலர் மூலம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் 1964ல் கிணறு வெட்டியபோது கிடைத்த கலயத்தைப் பற்றியும், ஒன்றரை வீசையைப் பற்றியும் எழுதிவிட்டேன். அறுபது வருஷம் தாமதம்தான். ஆனால் அந்த இடத்தில் ஒரு கலயம் இருந்தது என்ற செய்தியாவது ஒரு காகிதத்தில் இருக்கட்டும்.

மெட்டல் டிடெக்டரைப் பேரன் இங்கேயே விட்டுவிட்டுப் போனான். முந்திரிக்கொட்டை பொறுக்கும்போது பக்கத்து வீட்டு அம்மாவின் கம்மல் ஒன்று விழுந்துவிட்டது. போன மாதம் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்த வேலைக்கு அது நல்ல கருவி.

இதைப் படிக்கிற நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் கிணறு வெட்டும்போது, கடைக்கால் தோண்டும்போது, பலா நடும்போது ஏதாவது கிடைத்திருக்கும். அது இப்போது உருகிப் போயிருக்கலாம், சாமி அறையில் இருக்கலாம், யாருக்கோ கொடுத்திருக்கலாம். பொருள் போனாலும் இடம் உங்களுக்குத் தெரியும். எந்தக் கொல்லை, எந்த மூலை, எத்தனை அடி ஆழம், எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அல்லது பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். அதைக் கண்டுபிடித்துக் கொடுக்க எந்தக் கருவியும் இன்னும் வரவில்லை.